கவ்வாத்துக் கத்தி பதினான்கு, கைத்துப்பாக்கி ஒன்று

நான் ரிடையராகி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. தோட்டத்து ஆபீசில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளை சுபாஷினி வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் பண்ணுவாள். இந்த பைல் எங்கே, அந்த அலமாரிச் சாவி எங்கே என்று கேட்பாள். போன மாதம் கேட்டது வேறு. கொழும்பிலிருந்து ஒரு பலகை வந்திருக்கிறதாம், ஆபீஸ் கதவில் மாட்டுவதற்கு. வட்டத்துக்குள் ஒரு துப்பாக்கிப் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அதை மாட்ட ஆணி தேடப் போனவளுக்கு அலமாரியின் அடித்தட்டில் என் கையெழுத்தில் ஒரு பழைய கொப்பி கிடைத்திருக்கிறது.

"ஐயா, இதுல ஒரு புதன்கிழமைக்கு நேரா 'கவ்வாத்துக் கத்தி பதினாலு, கைத்துப்பாக்கி ஒன்னு'ன்னு எழுதியிருக்கீங்க. வெளயாட்டுக்கு எழுதுனதாங்க?"

"வெளயாட்டு இல்லம்மா. அன்னைக்கு எனக்கு உசுரு போயிட்டு வந்திச்சு. போன்ல சொன்னா ஒன் கார்டு தீந்துரும். எழுதி அனுப்புறேன்" என்றேன்.

ஒரு பக்கத்தில் முடியும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

பதுளைப் பக்கம், ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அங்கே இன்னும் இருக்கிற என் சம்பந்தி வீட்டார் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நான் பதுளையில் படித்துவிட்டுப் பத்தொன்பது வயதில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். பெயர்ப் பதிவு எழுதக் கற்றேன், கடிதம் எழுதக் கற்றேன், திட்டு வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கற்றேன். தோட்டங்கள் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிகளின் கைக்குப் போன நேரத்தில் பெரிய கிளாக்கராகிவிட்டேன். பயிற்சிக் காலம் என்று சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

இனித் துப்பாக்கி. எண்பதுகளின் கடைசியில் தெற்கே சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பிய குழப்பம் ஊவா மலைகளுக்கும் ஏறி வந்தது. தோட்டத்தை நடத்துகிற துரைமாருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. அது அடங்கிய பிறகு பல துரைமாரிடம் லைசன்ஸோடு கைத்துப்பாக்கி இருந்தது. எங்கள் துரையிடமும் இருந்தது. அதைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டுதான் மலைக்கும் ஆபீசுக்கும் வருவார். அவருக்கு லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் வைத்த பெயர் இடுப்புத் துரை.

நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தேயிலையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. சிங்களவர், ஆனாலும் மலையிலே நின்று கற்ற தமிழ் கைவசம் இருந்தது. அவரிடம் ஒரே ஒரு பழக்கம். யாராவது ஒன்றைக் கேட்டு, அதற்கு "யோசிக்கலாம்" என்று பதில் சொல்லும்போது வலது கை தானாக இடுப்புக்குப் போகும். வீட்டுச் சாவி இருக்கிறதா என்று நாம் பையைத் தொட்டுப் பார்ப்போமே, அது மாதிரித்தான் அவருக்கு. ஆனால் எதிரே கைகட்டி நிற்கிறவனுக்கு அது சாவி மாதிரித் தெரியாது. கேட்க வந்ததில் பாதியை விழுங்கிவிட்டுப் போய்விடுவான். துரைக்கு இது புரிந்ததே இல்லை. "நம்ம ஆளுங்க ரொம்ப அமைதியான ஆளுங்க, கிளாக்கர்" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார்.

மறைத்து வைத்தார் என்றேன். யாருக்கு மறைத்தார் என்று கேட்காதீர்கள். பதுளைக் கடைத்தெருவில் அவருக்குச் சட்டை தைத்த முஸ்லிம் டைலர் நானா ஒருவர் இருந்தார். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். நானா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துரையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"சேருக்கு வலது பக்கம் ரெண்டு இஞ்சி லூஸா வெப்பமா?"

"ம்" என்றார் துரை.

"கீழ்ப் பட்டன் தேவையில்லதானே?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. பதுளையில் யார் யார் இடுப்பில் என்ன இருக்கிறது என்பது பொலிஸைவிட அந்த நானாவுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். முதலாளிமார், கொந்தராத்துக்காரர்கள், துரைமார் என்று எல்லாருடைய அளவும் அவர் கொப்பியில் இருந்தது.

அந்தக் காலத்தில் அதற்கு ஒரு மரியாதையும் இருந்தது, மறுக்க முடியாது. வங்கியில் காவல்காரர் எழுந்து நிற்பார். மனேஜர் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுப்பார். இதைப் பார்த்து எங்கள் சின்னத் துரையும் தொளதொள சட்டை தைத்துக்கொண்டார். லைசன்ஸும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. இடுப்பில் ஒரு டோர்ச் லைட்டைச் செருகிக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் குனியும்போது அது தானாக எரிந்து சட்டைக்குள் வெளிச்சம் அடித்தது. கொழுந்தெடுக்கிற பெண்கள் ஒரு கிழமை முழுவதும் சிரித்தார்கள்.

பிறகு எல்லாம் மாறியது. சமாதானப் பேச்சு நடந்த வருடங்களில் கொழும்பிலிருந்து ஒரு இளம் மனேஜர் வந்தார். ஆபீசுக்குள் ஆயுதம் கூடாது, லைசன்ஸ் இருந்தாலும் கூடாது என்றார். வாசலில் ஓர் இரும்புப் பெட்டி வைத்து, சாவியை என்னிடம் தந்தார். அதற்கு முதலில் மாட்டியவர் எங்கள் விறகுக் கொந்தராத்துக்காரர். எட்டு வருடமாக இடுப்பைத் தடவிக்கொண்டு ஆபீசுக்குள் வந்து, போட்ட விலையை வாங்கிக்கொண்டு போகிறவர். பெட்டியைக் காட்டினேன். மனிதர் வியர்த்துவிட்டார். ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வெற்றிலைப் பெட்டி. "வெளிய சொல்லிறாதீங்க கிளாக்கரையா" என்று கெஞ்சினார். இன்று வரை சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

இப்போது பலகையே வந்துவிட்டது. அந்தப் பிள்ளை சுபாஷினி, "ஆபீசுக்கு யாருங்கய்யா துப்பாக்கி கொண்டு வருவாங்க?" என்று சிரிக்கிறாள். இரும்புப் பெட்டியும் பலகையும் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எங்கள் துரையின் துப்பாக்கிக்கு ஒரு முடிவு கட்டியவள் சின்னத்தாயி என்ற கொழுந்துக்காரி. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

எங்கள் ஆபீசில் ஒரு பழைய வழக்கம் உண்டு. புதன்கிழமை பின்னேரம் தொழிலாளர் வந்து குறை சொல்லும் நேரம். கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் மலையிலிருந்து நேரே வருவார்கள். கவ்வாத்துக் கத்தி என்றால் தேயிலைச் செடியின் தடித்த கிளையை ஒரே வெட்டில் துண்டாக்குகிற கத்தி. அதோடு உள்ளே வரக்கூடாது. ஒவ்வொருவரும் தன் கத்தியை, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அதில் சுற்றி, ஆபீஸ் வாசல் கட்டுச் சுவரில் வரிசையாக வைக்க வேண்டும். பெரிய கிளாக்கர் எண்ணி, கொப்பியில் எழுதி, கூட்டம் முடியும் வரைக்கும் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார வேண்டும். வெள்ளைக்காரத் துரை எவரோ பயந்துபோய்ப் போட்ட சட்டம். பயந்தவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், சட்டம் மட்டும் தங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் ஒரு புதன்கிழமை. மேல் கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், இருந்த பிள்ளைக் காம்பராவை மூடப்போவதாகத் துரை அறிவித்திருந்தார். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. கீழ்க் கணக்கில் ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விடட்டும் என்றார். கீழ்க் கணக்கு இரண்டு மைல் பள்ளத்தில் இருந்தது. காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, திரும்ப ஏறி, ஆட்களை வேலைக்குப் பிரித்து விடுகிற பெரட்டுக்கு வந்து சேர்வதற்குள் அரை நாள் பெயர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடும். பால் குடிக்கிற பிள்ளைக்கு இடையில் ஓடிப்போய்ப் பால் கொடுக்கவும் முடியாது.

அன்றைக்குப் பதினான்கு கவ்வாத்துக்காரர்கள் வந்தார்கள். மாதர் சங்கத் தலைவியாகச் சின்னத்தாயி வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஏழாம் நம்பர் மலையில் அவள் கைக்கு ஈடாகக் கொழுந்தெடுக்க ஆள் கிடையாது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் தவிர அவள் கூடையில் வேறொன்றும் இருக்காது. அவள் புருஷன் சன்னாசியும் அந்தப் பதினான்கு பேரில் ஒருவன். அவள் பேசுவதில் பத்தில் ஒரு பங்குதான் அவன் பேசுவான்.

துரை நாற்காலியில் உட்கார்ந்தார். மரக்கையில் இடுப்பு இடித்து 'டக்' என்றது.

"சரி, சொல்லுங்க" என்றார்.

"தொரைங்களே, பேசுறதுக்கு முந்தி ஒரு சங்கதிங்க" என்றாள் சின்னத்தாயி. "எங்க ஆளுங்க கத்திய வெளிய வச்சிட்டு வந்திருக்காங்க. நீங்களும் வச்சிட்டு வந்தீங்கன்னா சரிசமமாப் பேசலாங்க."

"என்ன வைக்கணும்?"

"நாங்க சொல்லணுங்களா? ஒங்க சட்டைக்குள்ள இருக்குறதத்தாங்க."

நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அந்த மாதத்தில் எத்தனை போயா லீவு என்று எண்ணினேன். நாலு வருடமாக எல்லாரும் தெரியாத மாதிரி நடித்து வந்த ஒன்றை அவள் பட்டென்று போட்டு உடைத்துவிட்டாள்.

"அது லைசன்ஸ் உள்ள சாமான்" என்றார் துரை. "பாதுகாப்புக்கு."

"எங்க கத்தியும் தோட்டம் குடுத்ததுதாங்க. அதுலயும் தோட்டத்து முத்திரை அடிச்சிருக்கு. அதையும் நாங்க யாரையும் வெட்டுறதுக்கு வச்சிருக்கலிங்க."

துரைக்கு நியாயம் பேசுகிறவர்களைப் பிடிக்கும். உதட்டோரம் சிரிப்பு வந்தது. துப்பாக்கியை உறையோடு கழற்றினார். தோட்டா அடுக்கை உருவித் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"கிளாக்கர், இதை வச்சுக்கோங்க."

தமிழ் ஆள், லைசன்ஸ் இல்லாத ஆள், கையில் கைத்துப்பாக்கி. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் இதற்கு என்ன அர்த்தம் என்று வயதானவர்களுக்குத் தெரியும். தோட்டச் சந்தியில் பொலிஸ் காவலரண் இருந்தது. அடையாள அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனவனே மூன்று நாள் கழித்துத்தான் திரும்பி வருவான். என் மேசை இழுப்பறையைத் திறந்தேன்.

"ட்ரோவர்னா அது உள்ளதாங்க, கிளாக்கரையா" என்றாள் சின்னத்தாயி. "வெளியன்னா வெளிய."

துரை தலையாட்டிவிட்டார். நான் என்ன செய்வேன்? கையில் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார எனக்குப் பைத்தியமா? ஒரு படங்குச் சாக்கை எடுத்தேன். கவ்வாத்துக்காரர்கள் கத்தியைச் சுற்றுகிற மாதிரியே அச்சு அசலாகச் சுற்றினேன். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்க, பதினான்கு பொட்டலத்தோடு பதினைந்தாவதாக வரிசையின் கடைசியில் வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு கொப்பியில் எழுதினேன். கவ்வாத்துக் கத்தி பதினான்கு, கைத்துப்பாக்கி ஒன்று.

அப்போது உள்ளே போன் அடித்தது, எழுந்து போய் எடுத்தேன். பெக்டரியிலிருந்து டீமேக்கர் சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர், பதற்றக்காரர்.

"மாணிக்கம், விறகு லொறி இன்னும் வரேல்லை. அடுப்பு அணைஞ்சு போச்செண்டால் நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ பாப்பம்!"

அவரைச் சமாதானப்படுத்தப் பத்து நிமிடம் போனது. அதற்குள் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. சாக்கு நனையுதே என்று யாரோ ஒரு புண்ணியவான் சுவரில் இருந்ததையெல்லாம் வாரி விறாந்தையில் போட்டிருக்கிறான். உள்ளே பிள்ளைக் காம்பராப் பேச்சும் முடியவில்லை. அடுத்த புதன் பார்க்கலாம் என்று துரை எழுந்துவிட்டார். ஆட்கள் ஆளுக்கொரு பொட்டலத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள்.

நான் போனை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். ஒரு பொட்டலம் மீதி. பதினைந்தில் பதினான்கு போனால் ஒன்று. கணக்குச் சரி. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய்த் துரையின் மேசையில் வைத்தேன். துரை சாக்கை விரித்தார். இடுப்பில் செருகுவதற்காக ஒரு கையால் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே விரித்தார்.

"கிளாக்கர், இது என்ன?"

"கத்திங்க சேர்."

"அது தெரியுது."

துரையிடம் தோட்டா இருந்தது, துப்பாக்கி இல்லை. என்னிடம் கத்தி இருந்தது, கணக்கு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். துரையின் முன்னால் நான் கேட்காமல் உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான். அவர் கோபிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

"சட்டப்படி நான் இப்பவே பொலிசுக்குச் சொல்லணும். அவங்க ரெண்டு கேள்வி கேப்பாங்க. ஏன் கழற்றிக் குடுத்தேன்னு ஒன்னு. யாருக்குக் குடுத்தேன்னு ஒன்னு. முதல் கேள்வியில என் லைசன்ஸ் போகும். ரெண்டாவது கேள்வியில நீங்க போவீங்க."

"சேர்..."

"நாளைக்குக் காலையில பத்து மணிக் கொழுந்து நிறுவை வரைக்கும் நான் என் இடுப்பைத் தொட்டுப் பாக்கல. அதுக்குப் பிறகு பாப்பேன். வெளங்குதா?"

விளங்கியது. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே கத்தியின் பிடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொருவனும் தன் கத்திப் பிடியில் ஓர் அடையாளம் வைத்திருப்பான். இதில் மூன்று கீறல் இருந்தது. சன்னாசியின் கத்தி.

மழை விட்டதும் குடையை ஊன்றிக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். வழியில்தான் காவலரண். பக்கத்துக் கடையில் இரண்டு பொலிஸ்காரர்கள் வடை தின்றுகொண்டிருந்தார்கள். மழையில் ஓடுகிறவர்களின் கவ்வாத்துச் சாக்கை அவர்கள் அவிழ்த்துப் பார்த்திருக்கவில்லை. அது என் குலதெய்வத்தின் புண்ணியம்.

சன்னாசி வீட்டு வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் வீட்டுக்குள்ளே கையைக் காட்டினான். சின்னத்தாயி வாசலுக்கு வந்து, அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"கத்தி மாறிப்போச்சுங்களா? பத்திரமா இருக்குங்க. நாளைக்கு நிறுவைக்கு வரக்குள்ள கொண்டாந்து தர்றேன்."

நான் குரலைத் தாழ்த்தினேன், அவளும் தாழ்த்தினாள்.

"இப்பவே குடுத்துரு தாயி" என்றேன் நான்.

"எடுத்துக்கிட்டு எப்புடிப் போவீங்க? அந்தக் கடை வாசல்ல கேட்டா என்னான்னு சொல்வீங்க, பெரிய கிளாக்கரு கவ்வாத்து வெட்டப் போறாருன்னா? எங்க வீட்டுக்காரரு கையில குடுத்தா நடுங்கியே காட்டிக் குடுத்துருவாரு. கொழுந்துக் கூடைக்குள்ள எவனும் கை வைக்க மாட்டாங்க. நீங்க வந்த மாதிரியே கொடையோட போங்க."

"ஒங்க வீட்டுல சோதனை போட்டா?"

"போட்டா இவரத்தான் மொதல்ல கொண்டு போவாங்க" என்றாள் புருஷனைக் காட்டி. "அதுக்குத்தாங்க சொல்றேன். சீக்கிரம் போங்க. நீங்க நிக்க நிக்கத்தான் ஜனம் பாக்குது."

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

காலை பத்து மணிக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு தொங்கியது. பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். சின்னத்தாயி நாலாவது. துரையின் ஜீப் வந்தது. துரை இறங்கினார். அவருக்குப் பின்னால் பொலிஸ் இன்ஸ்பெக்டரும் இறங்கினார். தோட்டத்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேச அவராகவே வந்திருக்கிறார். துரையின் முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் கூடையைப் பார்த்தேன். அவரும் கூடையைப் பார்த்தார்.

எடை போட்டதும், அப்பாவின் இடத்துக்கு வந்திருந்த கணக்கப்பிள்ளை கூடையைத் தரையில் விரித்த படங்கில் கவிழ்ப்பார். கவிழ்த்தால் இன்ஸ்பெக்டரின் சப்பாத்துக்கு முன்னாலேதான் விழும். இன்ஸ்பெக்டரின் கண் முன்னால் வரிசையை விட்டு விலக முடியாமலே சின்னத்தாயியின் முறை வந்தது. கூடை தராசில் ஏறியது. கணக்கப்பிள்ளை வழக்கம் போலக் கூடைக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ கழித்தார். கவிழ்க்கக் கையை வைத்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இந்தக் கூடையில முத்தல் இலை கெடக்கு. நான் பாக்கணும்."

சின்னத்தாயி கூடையில் முற்றல் என்று அதுவரைக்கும் எவனும் சொன்னதில்லை. அவள் கண் ஒரு கணம் விரிந்தது. உடனே புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டு இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏங்க, ஒங்களுக்குக் கண்ணு தெரியுதாங்க? என் கூடையில முத்தலா? ஆபீசுல குந்திக்கிட்டு மசியத் தொட்டுத் தொட்டுக் கண்ணு அவிஞ்சு போச்சா? கொழுந்துக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளெல்லாம் முத்தல் பாக்க வந்துட்டீங்க! ஒங்க வீட்டம்மா எப்புடித்தான் சமாளிக்கிறாங்களோ!"

இருபது வருடம் சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. நிறுத்தவே இல்லை. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கூடையைத் தூக்கி மடுவத்துக்குப் பின்னால் கொண்டு போனேன். அவள் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

கொழுந்துக்குள் கையை விட்டேன். கிடைத்தது. ஊவா மாகாணத்திலேயே ஆயுதத்தை மறைத்து எடுத்து வருவதில் கெட்டிக்காரர் யார் என்று கேட்டால், எந்த டைலரிடமும் அளவு கொடுக்காத இவளைத்தான் சொல்வேன்.

போன உயிர் திரும்பி வந்ததும் மனிதனுக்குப் புத்தி வேலை செய்கிறது. "சின்னத்தாயி, தொரை இப்ப என்னா கேட்டாலும் குடுப்பாரு" என்றேன். "புள்ளக் காம்பராவ மூடக்கூடாதுன்னு சொல்லு. இல்லேன்னா எல்லாத்தையும் இன்ஸ்பெக்டருக்கிட்ட சொல்லிருவேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நானே போய்ப் பேசுறேன்."

அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"வேணாங்க. இது இல்லாம பேசணும்னுதானே நான் கேட்டேன். இப்ப நானே இத வச்சுக்கிட்டு கேட்டா, அவரு இடுப்புல கைய வச்ச மாதிரிதானே ஆகும்? நீங்க கொண்டுபோய்க் குடுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. படித்தவன் என்று பெயர். இந்த யோசனை எனக்கு வரவில்லை.

துப்பாக்கியை, சோதனைக்குக் கொழுந்து எடுத்துப் போகிற பையில் வைத்து, மேலே இரண்டு கை இலையை அள்ளிப் போட்டேன். எல்லாருக்கும் முன்னால் துரையிடம் நீட்டினேன். "சேர், நீங்களே பாருங்க."

துரை பைக்குள் கையை விட்டார். அவர் முகத்தில் இரத்தம் திரும்பி ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். "ஆமா" என்றார் பெருமூச்சோடு. "ரொம்ப முத்தல். இதை நான் பங்களாவுக்குக் கொண்டு போறேன்."

ஜீப்பில் ஏறும்போது என் காதருகே குனிந்தார். "என்ன கேட்டா?"

"ஒன்னும் கேக்கல சேர். நான் கேக்கச் சொல்லியும் கேக்கல." அவள் சொன்னதையும் அப்படியே சொன்னேன். துரை பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த புதன்கிழமை வந்தது. கவ்வாத்துக்காரர்கள் சுவரில் பொட்டலங்களை வைத்தார்கள். துரை ஆபீசுக்குள் வந்தார். நாலு வருடத்தில் முதல் தடவையாகச் சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டு இடுப்புப்பட்டி கட்டியிருந்தார். பட்டியில் ஒன்றும் இல்லை. அந்தத் தொளதொள சட்டையில் அவருக்குக் கொஞ்சம் தொப்பை இருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், 'டக்' சத்தம் வரவில்லை.

அதற்காக அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். முக்கால் மணி நேரம் வாதாடினார். ஆயாவுக்கு ஆள் போட முடியாது என்றார், கட்டிடம் பழசு என்றார். வழியில் எங்கேயோ "யோசிக்கலாம்" என்றார், கையும் இடுப்புக்குப் போனது, அங்கே ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் எங்கள் ஆட்கள் வாயைத் திறந்தார்கள். அமைதியான ஆட்கள் என்று அவர் பெருமைப்பட்ட அத்தனை பேரும் பேசினார்கள். சன்னாசிகூட இரண்டு வாக்கியம் பேசினான். கடைசியில் பிள்ளைக் காம்பரா மூடப்படவில்லை. கூரைக்கு இரண்டு தகரமும் கிடைத்தது.

எல்லாரும் போன பிறகு சின்னத்தாயி மட்டும் வாசலில் நின்றாள்.

"கிளாக்கரையா, எனக்கு ஒன்னு செஞ்சு குடுக்கணுங்க."

"சொல்லு தாயி, என்னா வேணும்?" என்றேன். அவள் என்ன கேட்டாலும் செய்வதாகத்தான் இருந்தேன்.

"நாலு பேரு முன்னாடி என் கூடையில முத்தல்னு சொல்லிப்புட்டீங்க. தொரையும் ஆமான்னுட்டாரு. ஒரு கெழமையா எல்லா மலையிலயும் அதுதான் பேச்சு. சின்னப் பொண்ணுங்க எல்லாம் எங்கூடைய எட்டிப் பாக்குதுங்க. பத்து வயசுல இருந்து கொழுந்தெடுக்கிறேங்க, ஒரு முத்தல் போட்டதில்ல." அவள் கண் கலங்கிவிட்டது. சாக்கில் துப்பாக்கி இருந்த அன்றுகூடக் கலங்காத கண். "அது பொய்யின்னு நீங்க எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும்."

மறுநாள் காலைப் பெரட்டில் முன்னூறு பேருக்கு முன்னால் நான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். "சின்னத்தாயி கூடையில முத்தல்னு நான் சொன்னது தப்பு. அது நல்ல கொழுந்து. என் கண்ணுலதான் கோளாறு" என்று சத்தமாகச் சொன்னேன். ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் இறங்கப் போனபோது துரை தன் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். பெரட்டுக் களத்தில் எந்தத் துரையும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை, அப்பாவும் கேட்டதில்லை.

"நானும் சொன்னேன்" என்றார். "நான் சொன்னதும் தப்பு."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் சின்னத்தாயியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க, போதும்" என்று சொல்லிக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஏழாம் நம்பர் மலைக்கு எல்லாருக்கும் முதலாவதாக ஏறிப் போனாள்.